லோக்கல் மேட்டருங்களாம்

நேற்று ராத்திரி டிவியில் கட்சிக்காரர்கள் மோதிக்கொண்ட அந்தத் திருப்பூர் விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதற்குப் பொருமுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்.

திருப்பூரில் கல்யாண மண்டபம் பிடித்து, மக்களே கேளுங்கள் என்று பேனர் கட்டி, கடைசியில் மக்கள் கைக்கு மைக் வந்தது பத்து நிமிஷம். அதற்கும் முன்கூட்டியே சீட்டு எழுதித் தரவேண்டுமாம். நொய்யல் ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவு தேங்கிப் பாழான ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி நானும் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த பையன் சீட்டைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டான். "இது லோக்கல் மேட்டருங்கண்ணா." நொய்யலைப் பற்றித் திருப்பூரில் கேட்கக்கூடாது என்றால் டெல்லிக்கா போய்க் கேட்பது?

சரி, என்னதான் பேசினார்கள்? குளம் குட்டைகளுக்குத் தண்ணி கொண்டுவரும் அத்திக்கடவு-அவினாசி திட்டம், அதுவும் முக்கால் மணி நேரம். 2019இல் அடிக்கல் நாட்டியது நாங்கள் என்று ஒருவர், 2024இல் திறந்தது நாங்கள் என்று இன்னொருவர். 1,045 குளம் குட்டைகளில் எதற்குத் தண்ணி வந்தது, எது காய்ந்து கிடக்கிறது என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கல்வெட்டில் பெயர் பங்கு போடுகிற விஷயமென்றால் தொண்டை கிழியக் கத்துவார்கள். ரெண்டு பேர் கையிலும் சாயம் ஒட்டியிருக்கிற விஷயத்தை ரெண்டு பேரும் தொடவே மாட்டார்கள். அணை வந்தது 1992இல், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011இல். நடுவில் மாறி மாறி ஆண்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அப்புச்சி தோட்டம் அணைக்குக் கீழே. பள்ளிக்கூட லீவில் போனால் முதல் வேலை இளநீர்தான். ஒரு வருஷம் சீவிக் கொடுத்தார், ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன், உப்புக் கரித்தது. அவர் வாங்கிக் குடித்துப் பார்த்தார். அருவாளைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணு, ஊட்டுக்குப் போலாம் வா" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் மரமேறச் சொல்லி யாரையும் அவர் கூப்பிட்டு நான் பார்க்கவில்லை.

உடனே கிளம்பி வருவீர்கள், பட்டறையை மூடினால் எத்தனை பேர் சோறு போகும் தெரியுமா என்று. தெரியும் சாமி, பனியன் கம்பெனிச் சோறுதான் நானும் தின்கிறேன். இப்போதுதான் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இல்லை என்று எவன் சொன்னான்? அப்படியானால் அதையாவது மேடையில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாமே, அதற்கும் ஏன் வாய் வரவில்லை? டிவிக்காரன் ரேட்டிங் பார்ப்பான் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம், அவன் பிழைப்பு அது. நீ எந்தக் கட்சி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

மனசு விட்டுப்போனது அந்தப் பையனால்கூட இல்லை. முன்வரிசையில் கரைவேட்டியோடு உட்கார்ந்திருந்த எங்கள் மாமா ஒருத்தர், அவருக்கும் அதே ஆயக்கட்டில் நாலு ஏக்கர் உண்டு, திரும்பிப் பார்த்து, "மாப்ள, நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இதையெல்லாம் கெளர்றீங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.

டீ மட்டும் நன்றாக இருந்தது, குறை சொல்லக்கூடாது. கேன் தண்ணியில் போட்டதாம்.