நிலக்கரி செஸ் எங்கே போனது?

தூய எரிசக்தி என்று பேச்சு வந்தாலே 2030-க்குள் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் இல்லாத 500 கிகாவாட் மின்திறன், 2070-க்குள் நிகர பூஜ்ஜிய கார்பன் உமிழ்வு என்று இலக்குகளை அடுக்குகிறோம். இலக்கு வேண்டும்தான். ஆனால் ஓர் அரசு உண்மையிலேயே எதைச் செய்ய நினைக்கிறது என்று தெரிய, பணத்தை எங்கே போடுகிறது என்று பார்க்க வேண்டும். அதனால்தான் நிலக்கரி செஸ், அதாவது ஒரு நோக்கத்தைச் சொல்லி நிலக்கரி மீது போட்ட கூடுதல் வரி, பற்றி எழுதுகிறேன். நம் எல்லோருடைய கரண்ட் பில்லுக்குள்ளும் பதினைந்து ஆண்டுகள் ஒளிந்திருந்த வரி இது.

2010 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி கொண்டுவந்தார். உள்நாட்டில் வெட்டினாலும் வெளியிலிருந்து இறக்கினாலும் டன்னுக்கு 50 ரூபாய். அதை வைத்து தேசிய தூய எரிசக்தி நிதி என்று ஒன்றை உருவாக்கினார்கள். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நிலக்கரியை விட்டு வெளியே வருவதற்கான செலவை நிலக்கரியே கொடுக்கிறது. அப்புறம் அருண் ஜெட்லி நிதியமைச்சராக இருந்த காலத்தில் 100, 200 என்று ஏறி 2016-இல் 400 ரூபாயில் நின்றது. அனல் மின்சாரத்தில் இந்த வரி ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 25 காசு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் இதே வரிதான்.

2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,440 கோடி. அதில் அந்த நிதிக்குப் போனது 29,600 கோடி சொச்சம். திட்டங்களுக்குக் கிடைத்தது 15,900 கோடி. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறிவிட்டது. இழப்பீடு மாநிலங்களுக்குத் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு காரணம் சொல்லி மக்களிடம் வாங்கிய பணத்தை வேறு காரணத்துக்குத் திருப்பியபோது, எந்தக் கட்சியும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

2025 செப்டம்பர் 22 முதல் அந்த செஸ்ஸும் இல்லை. பதிலாக நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கேட்டால் வரி கூடியது போல இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டன் 1,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 75 ரூபாய் ஜிஎஸ்டி, 400 ரூபாய் செஸ், மொத்தம் 475. இப்போது 270. ஏறத்தாழ 3,077 ரூபாய்க்குக் கீழே விலையுள்ள எல்லாவற்றுக்கும் வரி குறைந்திருக்கிறது. சாம்பல் அதிகமுள்ள மட்ட ரக நிலக்கரிதான் மலிவாக விற்பது. மின் கட்டணம் குறைய இது உதவும் என்கிறார்கள். சரி, உதவட்டும். ஆனால் தூய எரிசக்திக்கென்று பெயர் சொல்லி எடுத்த ஒரே பெரிய வரி, எந்த விவாதமும் இல்லாமல் மறைந்துவிட்டது.

நிலக்கரியை விட்டு வெளியே வரும்போது அந்தப் பணம் யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. தன்பாத், கோர்பா, சிங்க்ரௌலி மாதிரி வட இந்திய, மத்திய இந்திய நிலக்கரி ஊர்களில் டீக்கடை, லாரி, பள்ளிக்கூடம் எல்லாமே சுரங்கத்தை நம்பித்தான். நெய்வேலியில் 1962-இல் சோவியத் உதவியோடு தொடங்கிய அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டபோது பக்கத்திலேயே 1,000 மெகாவாட்டில் புதிய நிலையம் வந்தது. ஒவ்வொரு மூடலிலும் அப்படி ஒன்று வரும் என்று நம்ப முடியாது. நிரந்தர ஊழியருக்கு ஏதாவது ஏற்பாடு நடக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு? நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு?

தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி அனல்மின் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். வெளிநாட்டு நிதி வாக்குறுதிகள் நிறைய இருந்தும், ஊர்க்காரர்களுக்கான மாற்று வேலை பின்தங்கியே நின்றது. ஜெர்மனி 2020-இல் நிலக்கரி வெளியேற்றச் சட்டம் போட்டபோது, சுரங்கப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ வரை தருவதையும் சட்டமாகவே ஆக்கியது. ஜெர்மனி பணக்கார நாடு, தெரியும். அவர்கள் செய்த வரிசையைத்தான் சொல்கிறேன்: மூடுவதற்கு முன்பே பணம் ஒதுக்கியாயிற்று.

நம்மிடம் நிலக்கரிக்கு ஓர் அமைச்சகம், மின்சாரத்துக்கு ஒன்று, சூரிய மின்சக்திக்கும் காற்றாலைக்கும் ஒன்று, நிலக்கரி சரக்கை நம்பியிருக்கும் ரயில்வே தனி. சுரங்க ஊர்களின் எதிர்காலம் இவற்றில் யார் பொறுப்பு? ஜார்க்கண்ட் மாநிலம் 2022-இல் இதற்கென்று ஒரு பணிக்குழு அமைத்தது.

என் கோரிக்கை இதுதான். நிலக்கரி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியில் ஒன்றிய அரசின் பங்கிலிருந்து ஒரு பகுதியை நிலக்கரி மாவட்டங்களுக்கென்று சட்டத்திலேயே ஒதுக்குங்கள். வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி எழுதுங்கள். மாவட்ட வாரியான செலவுக் கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பு உங்கள் எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் முதலில் கேளுங்கள்.