சுத்தியல் கற்றுக்கொடுக்கவில்லை

ஓய்வுபெற்ற கப்பல்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யார் எந்த ஆண்டு ராஜேந்திரா பயிற்சிக் கப்பலில் இருந்தார், யாருடைய அண்ணன் அதற்கு முந்தைய டஃப்ரினில் இருந்தார் என்று தொடங்கும். பிறகு கப்பல்களின் பெயர்கள், கேப்டன்களின் பட்டப்பெயர்கள், எந்த சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த தள அதிகாரி) மகா கொடுமைக்காரர் என்ற போட்டி. கடைசியில் ஒருவர் பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "அந்தக் கஷ்டம்தான் நம்மை ஆளாக்கியது. இப்போது பயிற்சிக்கு வருகிற கேடட்டுகளுக்கு என்ன தெரியும்?" மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டலோடுதான் எனக்குச் சண்டை.

என்ன கஷ்டம் என்று முதலில் பார்ப்போம். கையில் சிப்பிங் சுத்தியலைக் கொடுத்துத் தளத்தில் உட்கார வைப்பார்கள். காலை முதல் மாலை வரை துருவைத் தட்ட வேண்டும், கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், செந்நிற ஈயப் பூச்சு அடிக்க வேண்டும். தானியம் இறக்கிய பிறகு சரக்கறையின் அடியில் நீர் தேங்கும் பில்ஜ் குழிகளுக்குள் இறங்கி, அழுகிப் புளித்த கோதுமையை வாளியில் அள்ள வேண்டும். அந்த நாற்றம் எத்தனை சோப்புக்கும் போகாது. இதில் பயிற்சி எங்கே இருந்தது? துரு தட்டுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். மீதி மாதங்களில் நாங்கள் செய்தது, ஓவர்டைம் கொடுக்கத் தேவையில்லாத கூலியாள் வேலை.

பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளின் அப்ரண்டிஸ் ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். வழக்கமாக நான்கு ஆண்டு. முதலாளியின் ரகசியங்களைக் காப்பேன், மதுக்கடைக்குப் போகமாட்டேன், சட்டவிரோதச் சூதாட்டம் ஆடமாட்டேன் என்றெல்லாம் பையன் கையெழுத்திட வேண்டும். பதிலுக்குக் கப்பல் தொழிலைக் கற்பிப்போம் என்று முதலாளி எழுதிக் கொடுப்பார். பையன் தன் பங்கை மீறினால் கேட்க ஆள் இருந்தது. முதலாளி தன் பங்கை மறந்தால், நடுக்கடலில் யாரிடம் போய் முறையிடுவது?

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீஃப் மேட். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாலிலிருந்து எட்டு வரை அவருடைய வாட்ச், அதாவது காவல் முறை. விடியலில் நட்சத்திரங்களும் தொடுவானமும் சேர்ந்து தெரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்டுடன், கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜின் ஓரத்தில் நிற்பார். நான் கடிகாரத்தோடு நிற்பேன். அவர் குரல் கொடுக்கும் நொடியை நான் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகும் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு நான் கொட்டாவி விட்டதில்லை. கணக்குப் போட்டு வரைபடத்தில் கோடுகள் வந்து கூடியதும், என்னையும் போடச் சொல்வார். என் கோடுகள் எங்கோ ஆப்பிரிக்கக் காட்டுக்குள் போய்ச் சந்திக்கும். அவர் சிரிக்க மாட்டார். மறுபடி போடு என்பார்.

அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்தது. என் வாதமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐம்பது அறுபது பேர் வேலை செய்த கப்பல் அது. துறைமுகத்துக்குப் போனால் டெரிக் என்ற பாரந்தூக்கியும் வின்ச் என்ற கயிறு சுற்றும் எந்திரமும் வைத்து மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக இறக்கி ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்கள்தான் எங்கள் பள்ளிக்கூடம். தேயிலைப் பெட்டிகளின் அருகே பதனிடாத தோலை வைக்கக்கூடாது, வாடை ஏறிவிடும். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். கனமான சரக்கை எல்லாம் அடியிலேயே அடைத்தால் கப்பல் வெடுக்வெடுக்கென்று உருண்டு எல்லாவற்றையும் உடைக்கும்; மேலே அதிகம் வைத்தால் சாய்ந்து, நிமிர்வதற்கு யோசித்துக்கொண்டே நிற்கும். எந்த மூட்டையை முதலில் வைப்பது, எந்தத் துறைமுகத்துக்கானது மேலே வரவேண்டும், இடையில் எவ்வளவு பலகை கொடுப்பது என்று சரக்கறைக்குள் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அன்றைக்கே அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது, எங்களுக்குத்தான் தெரிய வெகுகாலம் ஆனது. இன்று சரக்குத் திட்டம் கரையிலிருந்து கணினியில் வருகிறது. எங்கள் கப்பலைப் போலப் பல மடங்கு பெரிய கப்பலில் இருபது பேர் சொச்சம். ஒரு நாளில் வேலை முடிந்து கிளம்பிவிடுகிறார்கள். கடலோடிகளின் பயிற்சிக்கும் தகுதிக்குமான சர்வதேச விதியான எஸ்டிசிடபிள்யூவின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் வரும் கேடட்டுக்குக் குறைந்தது 12 மாதக் கடற்பணியும், பயிற்சிப் பதிவேட்டில் அதற்கான பதிவும் வேண்டும். பதிவேடு நன்றாகத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதில் கையெழுத்திட வேண்டிய மேட், ஆய்வாளர்களுக்கான காகிதங்களை நிரப்பிக்கொண்டு கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்? ஆளைக் குறைத்தது கம்பெனிக் கணக்கு; பழியோ பத்தொன்பது வயதுப் பையன் மேல்.

ஓய்வு நேர விதியைக் கேலி செய்பவர்களையும் எனக்குப் பிடிக்காது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது இன்று சட்டம். "நாங்கள் இரண்டு நாள் தூங்காமல் நின்றோம்" என்கிறார்கள். நின்றோம். விபத்து நடக்காதது அதிர்ஷ்டம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது, விசாரணை சுட்டிய காரணங்களில் தேர்ட் மேட்டின் களைப்பும் வேலைப்பளுவும் இருந்தன.

பழைய கப்பல்களைப் பற்றியும் இதே மயக்கம். "அந்தக் காலத்து இரும்பு" என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா கட்டிய 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களின் உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் குளிர்ந்த கடலில் அவற்றின் ஹேட்ச் (சரக்கறையின் வாய்) மூலைகளில் விரிசல் விட்டதும், சில கப்பல்கள் இரண்டாகப் பிளந்ததும் அதே வரலாறுதான்.

இன்னொன்று என்னை நெடுநாளாக உறுத்துகிறது. எங்கள் நினைவுகூரல் எல்லாம் அதிகாரிகளின் நினைவுகூரல். இந்தியர்கள் அதிகாரிகளாவதற்கே போராட வேண்டியிருந்தது: 1922இல் மத்திய சட்டமன்றத்தில் சர் பி.எஸ். சிவசாமி ஐயர் தீர்மானம் கொண்டுவந்தார், குழு அமைந்தது, 1927இல் பழைய துருப்புக் கப்பலான டஃப்ரின் பம்பாயில் பயிற்சிக் கப்பலானது. அதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளியவர்களும் கயிறு இழுத்தவர்களும் நம் ஆட்கள். லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். தங்குமிடமும் குறைவு. எனக்குக் கம்பிக்கயிறு பின்னக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சாரங்கு, தள மாலுமிகளின் தலைவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். டெரிக்கைத் தூக்கும்போது கயிறு எந்தப் பக்கம் அறுந்து வீசும் என்று அவருக்குத் தெரியும், எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. எங்கள் ஒன்றுகூடல் விருந்துகளில் அவரைப் போன்ற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. யாரும் அழைக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கலாசியாக (தள மாலுமி), தண்டலாக (சாரங்குக்கு அடுத்தவர்), பண்டாரியாக (சமையல்காரர்), எந்திர அறை எண்ணெய்க்காரராகக் கப்பலில் இருந்தாரா? அவருடைய கடற்பணிப் பதிவேடான சிடிசி புத்தகம் பெட்டியில் கிடக்கும். எந்தக் கப்பல், என்ன பதவி, எந்தத் தேதியில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு இருக்கும். அதைக் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முத்திரையாகக் காட்டி, அங்கே என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். புயல் கதையைத் தானாகவே சொல்லிவிடுவார். வின்சை எப்படி ஓட்டினார், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், யாரிடம் வேலை கற்றார் என்பதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்டதை எழுதி வையுங்கள்.