கரையைக் கட்டினால் போதுமா?

தாமிரபரணி ஆற்றின் சீரமைப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் படித்துறை, நடைபாதை, பூங்கா என்றுதான் பாதிக்கு மேல் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வந்து பார்த்தால் வேறு கதை. ஆற்றில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து கால்வாய்கள், கால்வாய் வழியே குளங்கள், ஒரு குளம் நிரம்பி மறுகால் (உபரிநீர்) பாய்ந்து அடுத்த குளம். இந்தத் தொடர்ச்சியில் ஓரிடம் அடைத்தால் கடைசிக் குளத்துக்காரன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2017-இல் குடிமராமத்து என்று குளம், கால்வாய்களைச் செப்பனிடும் அரசுத் திட்டம் வந்தபோது எங்கள் குளத்தையும் தூர்வாரினார்கள். கரை பளிச்சென்று இருந்தது. தண்ணீரைத் திறந்து மூடும் மடைப் பலகை மட்டும் பழையதே! உள்ளே சீமைக்கருவேலம் இரண்டே வருடத்தில் திரும்ப முளைத்துவிட்டது. வேரோடு எடுக்காமல் வெட்டினால் அப்படித்தான் ஆகும்.

அப்புறம், பத்தமடைப் பாய். அதைக் கட்டுரை தொடவே இல்லை. ஆற்றங்கரைக் கோரைப்புல்லை அறுத்து, கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால்தான் பட்டுப்பாய்க்கான மெல்லிய இழை கிடைக்கும். கரையெல்லாம் சிமெண்ட் போட்டுவிட்டால் கோரை எங்கே முளைக்கும்? சாக்கடை கலந்த தண்ணீரில் எதை ஊறவைப்பது? ஆற்றைச் சரிசெய்வதும் நெசவுக்காரப் பெண்களுக்கு வேலை கிடைப்பதும் ஒரே கணக்கு. இரண்டு துறை, இரண்டு ஃபைல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகளைப் பற்றிக் கட்டுரையில் எழுதியது சரி. அதைத் தடுக்க பட்ஜெட்கூட வேண்டாமே, நாலு ஆள் நின்றால் போதும்.