ராத்திரி ஒன்பது மணிக்கு யாரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்?

கோடி நமசிவாய ஜபம் சேர்க்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எட்டு மாதம் இருந்தேன், போன வாரம் வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குள் அன்றைய எண்ணிக்கையைக் குழுவில் போட வேண்டும். ஆரம்பத்தில் அது நல்ல பிடிமானமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. 108-இல் தொடங்கி 1008-க்கு வந்தேன். அப்புறம் எட்டரை மணி ஆனாலே பதற்றம் வந்துவிடும், செல்போனில் எண்ணும் பொத்தானை அழுத்திக்கொண்டே வேக வேகமாகச் சொல்வேன், பாதி எழுத்து வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஒரு நாள் மகள் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டாள், எண்ணிக்கை விட்டுப்போன ஆத்திரத்தில் அவள் மேல் எரிந்து விழுந்தேன். சிவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த அதே வாயால். அன்றைக்குக் கணக்குப் போடவில்லை. 'உங்களால் மொத்தம் குறைகிறது' என்று குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதினார்கள். அது வலித்தது.

இதைச் சொன்னால், 'தியாகராஜ சுவாமிகளே 96 கோடி ராம நாமம் சொன்னாரே' என்கிறார்கள். சரி, அதையே பார்ப்போம். நாளுக்கு ஒன்றேகால் லட்சம் வீதம் 21 வருடம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நொடிக்கு இரண்டு என்று வைத்தாலும் ஒன்றேகால் லட்சத்துக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனியாக உட்கார்ந்து சொல்லி முடிகிற காரியமா? குளிக்கும்போதும் நடக்கும்போதும், திருவையாற்றுத் தெருக்களில் பாடிக்கொண்டே அரிசி யாசிக்கும் உஞ்சவிருத்திக்குப் போகும்போதும் நாமம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நான் செய்ததோ அரை மணி நேர ஓட்டம், மீதி நாள் முழுக்க வேறு ஆள்.

குருவிடம் உபதேசம் வாங்கிய மந்திரத்துக்கு ஓர் எழுத்துக்கு ஒரு லட்சம் தடவை ஜபிக்க வேண்டும் என்று புரச்சரணக் கணக்கு உண்டு, நியமம் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அது குருவுக்கும் சீடனுக்கும் நடுவில் இருப்பது, முந்நூறு பேர் பார்க்கிற பட்டியல் இல்லை.

சீர்காழிக்குப் பக்கத்தில் ஆச்சாள்புரம். அங்கேதான் சம்பந்தர் நமச்சிவாயப் பதிகம் பாடினார். 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்ற பிறகுதான் 'ஓதுவார்' வருகிறது. எத்தனை வருடமாகப் பாடுகிறேன், இந்த வரிசையை இப்போதுதான் கவனித்தேன்.

எங்கள் அப்பாயி ஜபமாலை உருட்டி நான் பார்த்ததே இல்லை. அடுப்பு ஊதும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, 'சிவ சிவா' என்று மெதுவாக வரும். எண்ணத் தெரியாதவள் இல்லை. களத்தில் மரக்கால் அளக்கும்போது, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, 'லாபம், ரெண்டு, மூணு' என்று ஒன்றுகூடத் தப்பாது. நெல்லுக்குக் கணக்கு வைத்தாள், சிவனுக்கு வைக்கவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம், கடைமடை, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் எத்தனை கன அடி என்று அன்றைக்கே செய்தி வந்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேரும்வரை நாங்கள் வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். வந்தாலும் முதல் தண்ணீர் வயலில் ஏறாது, காய்ந்து வெடித்துக் கிடக்கிற வாய்க்காலே குடித்துவிடும். அதை வீண் என்று யாரும் சொல்லமாட்டோம், வாய்க்கால் குடிக்காமல் வயலுக்கு எப்படி வரும்? நான் எட்டு மாதம் சொன்னதும் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அத்தனை நாளும் நான் கன அடியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவில் இருக்கிறவர்கள் மேல் கோபம் இல்லை, அதில் ஊறிப்போய் உண்மையாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். கணக்குப் போடாதவர் பெயரைப் பொதுவில் சொல்வதை மட்டும் நிறுத்துங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது காலையில் வயலுக்குப் போகும் வழியில் வாய்விட்டே சொல்கிறேன். யாராவது எதிரே வந்து பேசினால் நிற்கும், அவர் போனதும் மறுபடி தொடங்குவேன். நேற்று மகளும் கூட வந்தாள். கொஞ்ச தூரம் அவளும் சேர்ந்து சொன்னாள், அப்புறம் மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள்.