சுத்தியல் துள்ளினால் மண் கெட்டியா?

சிங்கப்பூர் தேக்கா பக்கம் கட்டுமான சைட் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கூம்புக் கம்பியை அடித்துப் பாருங்கள். கம்பி இறங்காமல் சுத்தியல் துள்ளினால் மாடிக் கட்டடமே கட்டலாம், போர்ஹோல் (மண்ணைச் சோதிக்க ஆழமாகத் துளையிடுவது) செலவு வீண்."

தவறு. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது.

அந்தக் கருவி டிசிபி (Dynamic Cone Penetrometer): நுனியில் கூம்பு உள்ள கம்பியைச் சுத்தியலால் அடித்து மண்ணில் இறக்குவது. 8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும். ஓர் அடிக்குக் கூம்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறிப்பார்கள். சாலையின் அடித்தளத்துக்கு அருமையான சோதனை. ஆனால் வழக்கமாக அது எட்டுவது சுமார் 1 மீட்டர்தான். கட்டடத்தின் பாரம் அதற்குக் கீழேயும் போகும்.

சிங்கப்பூரில் இங்கேதான் வம்பு. கடலைத் தூர்த்த நிலத்தில் மேலே மணல்; கம்பி திணறும், நமக்கும் சந்தோஷம். கீழே கடல் களிமண், வெண்ணெய் மாதிரி. காலாங் வட்டாரத்தில் சில இடங்களில் அதன் ஆழம் 30 மீட்டரையும் தாண்டும். ஒரு மீட்டர் கம்பிக்கு இது எப்படித் தெரியும்? போர்ஹோல் போட்டு எஸ்பிடி (துளையின் அடியில் ஒரு குழாயை அடித்து இறக்கி மண்ணின் வலுவை அளக்கும் சோதனை) செய்வது அதற்காகத்தான்: 63.5 கிலோ சுத்தியல், 760 மில்லிமீட்டர் வீழ்ச்சி. முதல் 150 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு அடுத்த 300க்கு எத்தனை அடி என்று எண்ணுவார்கள். மிக மென்மையான களிமண்ணில் எஸ்பிடி எண்ணும் சரியாகப் பேசாது, அங்கே வேன் (vane) சோதனை, அதாவது மண்ணுக்குள் தகடுகளைச் சுழற்றி வலுவை அளப்பது, வேண்டும்.

அப்புறம், ஈரம். வெயிலில் இறுகிய களிமண் நாலு நாள் மழைக்குப் பிறகு வேறு எண் காட்டும். சாலைக்கே ஆனாலும், அடித்த அன்று மண் எப்படி இருந்தது என்று எழுதாத டிசிபி அறிக்கையை நான் நம்பமாட்டேன்.