கிரேக்கத்துக்கு ஹைட்டி எழுதிய கடிதம்

மார்ச் 25 வந்தால் அமெரிக்க அதிபர் மாளிகையிலிருந்து ஓர் அறிவிக்கை வெளிவரும். கிரேக்க மக்களுடனான நட்பைப் போற்றி, அவர்களின் விடுதலை நாளை இரு நாட்டு ஜனநாயகத்தையும் கொண்டாடும் நாளாக அது அறிவிக்கும். 1987இல் ரீகன் காலத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் சடங்கு. பண்டைய ஏதென்ஸ், மக்களாட்சியின் தொட்டில், நீடித்த உறவு என்று சொற்களும் பெரிதாக மாறுவதில்லை. வெறும் காகிதம் என்று இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. காகிதத்தில் குற்றமில்லை. யார், எந்த நேரத்தில் எழுதினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1821இல் கிரேக்கர்கள் ஒட்டோமான் பேரரசை எதிர்த்து எழுந்தபோது ஐரோப்பிய அரசுகள் முகம் திருப்பிக்கொண்டன. நெப்போலியனை அப்போதுதான் அடக்கி முடித்திருந்த அரசர்களுக்குப் புரட்சி என்றாலே ஆகாது. பாரிஸில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அடமான்டியோஸ் கொராயிஸும் அவருடைய தோழர்களும், முன்பு பிரெஞ்சு அடிமைக் குடியேற்றமாக இருந்த கரீபிய நாடான ஹைட்டிக்கும் உதவி கேட்டு எழுதினார்கள். ஹைட்டி அதிபர் ழான் பியர் போயே 1822 ஜனவரி 15 அன்று பதில் எழுதினார். நாங்களும் நெடுங்காலம் அடிமைகளாகக் கிடந்து விலங்கை உடைத்தவர்கள், உங்கள் வெற்றியை மனதார விரும்புகிறோம், ஆனால் அனுப்புவதற்குப் பணம் இல்லை என்பது அதன் சாரம். காப்பி மூட்டைகளும் நூறு வீரர்களும் அனுப்பினார் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. உறுதியான ஆவணம் இல்லாத அந்த ஒட்டு வேலை இந்தக் கடிதத்துக்குத் தேவையே இல்லை.

இது சட்டப்படி அங்கீகாரம்தானா என்று வாதிடலாம். கிரேக்கத்தை முதலில் அங்கீகரித்த நாடு ஹைட்டி என்றே பலரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1804இல் விடுதலை பெற்ற ஹைட்டியையே அப்போது பிரான்ஸ் ஏற்றிருக்கவில்லை. 1825இல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்ட பிறகுதான் ஏற்றது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு, அடிமைகளாக இருந்தவர்கள் கொடுக்க வேண்டிய இழப்பீடு! இப்படித் தன் இருப்பே கேள்விக்குறியாக இருந்த நாடுதான் இன்னொரு மக்களின் விடுதலைக்காக வாய் திறந்தது.

அமெரிக்கா என்ன செய்தது? 1823 டிசம்பரில் அதிபர் மன்றோ நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் கிரேக்கர்களை வாழ்த்தினார். ஐரோப்பியச் சண்டைகளில் தலையிட மாட்டோம் என்றதும் அதே செய்திதான். கிரேக்கத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர் டேனியல் வெப்ஸ்டர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறவில்லை. வல்லரசுகள் 1830இல் கிரேக்க விடுதலையை உறுதிசெய்து, ஆபத்தெல்லாம் தீர்ந்தபின், 1837இல் அங்கீகாரம் வந்தது. ஹைட்டியை அங்கீகரிக்க 1862 வரை மனம் வரவில்லை. கறுப்பர்களின் குடியரசை ஏற்றால் தங்கள் தோட்டங்களில் இருந்த அடிமைகள் என்ன நினைப்பார்களோ என்று தெற்கு மாநிலத்தாருக்கு அச்சம்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் மறைந்த ஏப்ரல் 19ஐ, தனக்குத் துணைநின்ற வெளிநாட்டவரின் நாளாகக் கிரேக்கம் கடைப்பிடிக்கிறது. செல்வத்தையும் உயிரையும் அந்த மண்ணில் விட்டவர் பைரன். அவருக்குக் கிடைக்கும் மரியாதையில் எனக்குப் பொறாமை இல்லை. அந்த நாளில் கிரேக்கப் பள்ளிகளில் போயேயின் கடிதத்தையும் படித்துக் காட்டட்டும், பணம் இல்லை என்ற வரியை விட்டுவிடாமல்.