பெயர் கெடுவது பதிவில் அல்ல, கமெண்டில்

தொழிலுக்காகவும் முகநூலைப் பயன்படுத்தும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர், டியூஷன் ஆசிரியர் எல்லாரும் பதிவு எழுதும்போது நாலு முறை யோசிக்கிறார்கள். அதே ஆட்கள்தான் ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ஒருவருடைய அரசியல் சண்டையில் புகுந்து வாடா, போடா என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். நம் பதிவை யார் பார்க்கலாம் என்பது நம் கையில் இருக்கிறது. அடுத்தவர் பதிவில் நாம் போடும் கமெண்டை யார் பார்க்கலாம் என்பது அந்தப் பதிவுக்காரர் கையில். அவர் பப்ளிக் என்று வைத்திருந்தால் நம் கமெண்டும் பப்ளிக்தான். நம் புரொஃபைல் பூட்டியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. இன்று நண்பர்களுக்கு மட்டும் என்றிருக்கும் பதிவை அவர் நாளைக்குப் பப்ளிக் ஆக்கினால், நம் கமெண்டும் கூடவே வெளியே வந்துவிடும்.

ஷேர் செய்வதும் அப்படித்தான். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் அவர்மேல் போடப்பட்ட வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 'பகிர்வதெல்லாம் என் கருத்தல்ல' என்று புரொஃபைலில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வரி உங்கள் நிறுவனத்தின் நடவடிக்கையையும் தடுக்காது. அரசு ஊழியர் என்றால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 தனியாக இருக்கிறது. அரசின் கொள்கையை விமர்சித்து எழுதுவது அதன்படி சிக்கல். சொந்த அக்கவுண்ட், சொந்த நேரம் என்ற வாதத்தை நம்பி இறங்காதீர்கள்.

பழைய குப்பையைக் கிளற ஒரு வழி இருக்கிறது. உங்கள் புரொஃபைலில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ஆக்டிவிட்டி லாக் போங்கள். அதில் கமெண்ட், ரியாக்‌ஷன் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம், வருடம் போட்டும் தேடலாம். பழைய வருடத்திலிருந்து ஆரம்பியுங்கள். வேலைக்குச் சேருவதற்கு முன்பு, கல்லூரிக் காலத்தில் எழுதியவைதான் பெரும்பாலும் ஆபத்தானவை. அலுப்புப் பார்த்து 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு வந்துவிடாதீர்கள். அது உங்கள் பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும். நாலு வருடமாக வருமான வரி பற்றி எழுதிய நல்ல பதிவுகளும் அதோடு மறைந்துபோகும். திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். அடுத்தவர் பதிவில் போட்ட கமெண்டுகளை அது தொடவே தொடாது.

டைம்லைன் ரிவியூவையும் போட்டு வையுங்கள். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். உங்களை டேக் செய்த படம் உங்கள் டைம்லைனுக்கு வராமல் அது பார்த்துக்கொள்ளும். போட்டவருடைய பக்கத்தில் படம் அப்படியேதான் இருக்கும். அவரிடம் கேட்டுத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்.

கடைக்கோ கிளினிக்குக்கோ தனிப் பக்கம் நடத்துபவர்களுக்கு வேறொரு கண்டம் இருக்கிறது. பக்கத்துக்கு ஸ்விட்ச் செய்து பதில் போட்டுவிட்டு, திரும்ப மாறாமலே உலாவப் போய்விடுகிறோம். அப்புறம் கிரிக்கெட் பதிவில் நாம் போடும் கிண்டல் மருத்துவமனையின் பெயரில் போய் உட்காருகிறது. கமெண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக வட்டப் படம் ஒன்று தெரியும். இப்போது யார் பெயரில் பேசுகிறோம் என்பதை அதுதான் சொல்லும். எழுதும் முன் அதை ஒரு பார்வை பாருங்கள். பக்கத்துக்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவருடைய அக்கவுண்ட் களவு போனாலும் பக்கம் மிஞ்சும். வேலையை விட்டுப் போனவருக்கு அன்றைக்கே அனுமதியை எடுத்துவிடுங்கள்.

மருத்துவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் சமூக ஊடக நடத்தையையும் சேர்த்து விதிகள் வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. அதனால் நோயாளியின் ரகசியம் காக்கும் கடமை தளர்ந்துவிடவில்லை. முகத்தை மறைத்தால் போதாது. பச்சை குத்திய கை, கட்டில் எண், தேதி, ஊர் இவை போதும், சொந்தக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாராவது 'இந்த டாக்டர் கெடுத்துட்டார்' என்று எழுதினால், 'நீங்கள் போன மாதம் வந்தபோது சுகர் 300 இருந்ததே' என்று பதில் போடுவதுதான் பெரிய தவறு. அவர் நம் நோயாளி என்பதையும் அவருடைய ரிப்போர்ட்டையும் நாமே ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். 'உங்கள் குறையைக் கேட்கத் தயார், கிளினிக் எண்ணில் அழையுங்கள்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தவறாக எழுதிவிட்டால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். முகநூலில் எடிட் ஹிஸ்டரி எல்லாருக்கும் தெரியும். பதிவைப் பார்க்க முடிகிற எவரும் முந்தைய வரிகளையும் பார்க்கலாம். பதிவின் மேலேயே 'திருத்தம்' என்று போட்டு, எது தவறு, எது சரி என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அவதூறான வார்த்தை என்றால் நீக்கத்தான் வேண்டும். நீக்கிய கையோடு ஏன் நீக்கினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரீன்ஷாட் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும்.

கடைசியாக, நாம் எதுவும் எழுதாமலேயே நம் பெயரைக் கெடுக்கும் போலி புரொஃபைல். நம் படத்தை எடுத்து, நம் நண்பர்கள் பட்டியலைப் பார்த்து ரிக்வெஸ்ட் அனுப்பி, 'அவசரம், ஜிபே பண்ணுங்க' என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான். செட்டிங்ஸில் நண்பர்கள் பட்டியலை யார் பார்க்கலாம் என்று கேட்கும் இடத்துக்குப் போய் அதை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். தொழிலுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. போலி வந்துவிட்டால் அதன் மூன்று புள்ளியில் ரிப்போர்ட் கொடுத்து, உங்களைப் போல நடிப்பதாகக் குறிப்பிடுங்கள். நண்பர்கள் நாலைந்து பேரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.